எலோ என்பது ஒரு மனிதரின் பெயர்

நம் குடியிருப்பில் செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் எலோ எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது ஏதோ ஆங்கிலச் சுருக்கம் என்று பெரியவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல, அது ஒருவருடைய பெயர்.

அர்பாட் எலோ 1903-ல் ஹங்கேரியில் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். விஸ்கான்சின் மாநில செஸ் பட்டத்தை எட்டு முறை வென்றார்.

நம் பேரணாம்பட்டில் தோலின் தடிமனை அளக்கக் கருவி இருக்கிறது. ஆட்டக்காரரின் திறமையை எதை வைத்து அளப்பது? தனியாக அளக்க முடியாது, இருவருக்கு இடையேயுள்ள தூரத்தைத்தான் அளக்க முடியும் என்பது எலோவின் கணக்கு. உங்களைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் உங்களோடு நான்கு ஆட்டம் ஆடினால், சுமார் மூன்று அவர் பக்கம் போகும். அவர் ஜெயித்தால் கொஞ்சம்தான் வரவு. நீங்கள் ஜெயித்தால் அதைப்போல மூன்று மடங்கு உங்களுக்கு வரவு. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு இதை 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றன. ஆரம்ப ஆண்டுகளில் ஃபிடே பட்டியலை அவரே கால்குலேட்டரை வைத்துக் கணக்குப் போட்டார். லெட்ஜர் எழுதிப் பழகிய எனக்கு அந்த உழைப்பு புரிகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. 200 புள்ளியை ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிடே பட்டியலின் அடிமட்டம் இப்போது 1400; உச்சியில் இருப்பவர்கள் 2800-ஐ ஒட்டி. ஏழு படி. பட்டியலுக்கே வராத நம்மைப் போன்றவர்களுக்குக் கீழே இன்னும் பல படிகள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் பெருக்கல் குறியும் வட்டமும் போடும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் குழந்தைகூடத் தோற்காமல் ஆடக் கற்றுவிடும். அதற்குமேல் ஏறப் படியே இல்லை. மனிதர்கள் எத்தனை படி ஏற முடிகிறதோ, அவ்வளவுதான் ஓர் ஆட்டத்தின் ஆழம்.

கடைசிக் காலத்தில் எலோவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. இளம் ஆட்டக்காரர்கள் பலகையை விட்டுவிட்டு எண்ணையே துரத்துகிறார்கள் என்று பட்டது. தன் அளவீடு, தண்ணீரில் ஆடும் தக்கையைக் காற்றில் ஆடும் கோலால் அளப்பது போன்றது என்பதை அவர் மறைத்ததில்லை. போன வாரம் 60 புள்ளி போய்விட்டது என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள்: 18 வயதுக்குள் 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்ற இறக்கம் மற்றவர்களைவிட இரு மடங்கு இருக்கும்படி ஃபிடேயே விதி வைத்திருக்கிறது. வளரும் பிள்ளையின் திறமை சீக்கிரம் மாறும் என்பதால்தான் அது.

எலோ 1992 நவம்பர் 5 அன்று காலமானார். நம் ஆனந்த் 2800-ஐத் தாண்டியது 2006-ல்.