ஹண்டி மாஸ்ரரும் 1931ஆம் ஆண்டின் முடிவும்

ரொறன்ரோவிலே வார இறுதியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் சிலர், வீட்டிலே பெரியோர் அரசியல் பேசும்பொழுது 1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரம் என்ற தொடரைக் கேட்டிருப்பர். பேச்சு அவ்விடத்தை அடைந்ததும் குரல்கள் உயர்வதையும் கவனித்திருப்பர். அந்த முடிவை எடுத்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் பெருந் தனவந்தரும் அல்லர். பட்டம் பதவி பெற்ற பிரபுவும் அல்லர். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஹண்டி பேரின்பநாயகம் என்பது அவர் பெயர். பெயரின் முற்பாதி ஆங்கிலம், பிற்பாதி நற்றமிழ். அக்கால யாழ்ப்பாணத்தின் நிலையை அப்பெயரே காட்டிவிடும்.

1899ஆம் ஆண்டு மானிப்பாயிலே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையே வாழ்வின் பேறாகக் கருதிய காலம் அது. அவரோ மாணவரையும் இளம் ஆசிரியரையும் ஒன்று கூட்டி, 1924ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரஸ் ஒன்றை அமைப்பதில் முதன்மையாக நின்றார். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது.

அவ்வாலிபர் கொண்ட நோக்கங்கள் அக்காலத்திற்கு மிகவும் துணிவானவை. இலங்கை முழுச் சுதந்திரம் பெறல் வேண்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் யாவரும் ஒரே நாட்டு மக்களாதல் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்றல் வேண்டும். சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டும் என்றனர். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் அக்காலத்திலே பல பள்ளிகளில் வாங்கிலே அமர முடியாது. தரையில் அமர்ந்தே படித்தனர். சமஆசனம், சமபோசனம் என்று வாலிபர் காங்கிரஸ் குரல் எழுப்பியது. வீட்டாரும் ஊராரும் வெறுத்தாலும் அக்கொள்கையிலிருந்து ஹண்டி மாஸ்ரர் வழுவவில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் காந்தி அடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்து வரவேற்றவர்கள் இவ்வாலிபர்களே. கதர் நிதிக்குப் பொருள் திரட்டி அளித்தனர். நாட்டின் பெரும் தலைவர்கள் அழைத்து வரவேண்டிய ஒருவரை, இருபத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியரும் அவர் தோழரும் அழைத்து வந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்களுக்கு இருந்த செல்வாக்கு விளங்கும். அச்செல்வாக்குத்தான் நான்கு ஆண்டுகளின் பின் பெரியதொரு சோதனைக்கு உள்ளாயிற்று.

பிரித்தானிய அரசு டொனமூர் என்பவரின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றை இலங்கைக்கு அனுப்பியது. அதன் பயனாக 1931ஆம் ஆண்டிலே புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஐம்பது உறுப்பினரை மக்களே தெரிவு செய்யும் அரசாங்க சபை உருவாயிற்று. ஆயினும் தேசாதிபதியின் கையில் பெரும் அதிகாரம் எஞ்சியிருந்தது. நிதியும் சட்டமும் பிரித்தானிய அதிகாரிகளிடமே இருந்தன. தமிழ்த் தலைவர்களுள் மூத்தவர்கள், இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டதற்காக இந்த யாப்பை வெறுத்தனர். வாலிபர் காங்கிரஸ் வெறுத்த காரணம் வேறு: கொடுத்த சுதந்திரம் போதாது என்பதே. காரணங்கள் எதிரெதிரானவை, வெறுப்பு மட்டும் ஒன்று. இவ்வாறு சேரும் கூட்டு நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதை அன்று எத்தனை பேர் எண்ணினரோ!

1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாலிபர் காங்கிரசின் மகாநாடு நடைபெற்றது. இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாயர் வந்திருந்தார். காந்தி அடிகளின் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்த உணர்ச்சிப் பெருக்கிலே, முழுச் சுதந்திரம் தராத சபைக்கு எவரும் செல்லலாகாது என்ற தீர்மானம் நிறைவேறியது. வாலிபர் ஊர் ஊராகச் சென்று பேசினர். மே மாதம் 4ஆம் தேதி நியமனப் பத்திரம் ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு பத்திரமேனும் வரவில்லை. எவரும் எவரையும் அடிக்கவில்லை, அச்சுறுத்தவில்லை. சொல்லின் வலிமையால் மட்டும் நடந்த செயல் அது. அந்நாளில் அவ்வாலிபர் அடைந்த மகிழ்ச்சியை நாம் உணர முடிகிறது.

மறுபுறத்தை இனி நோக்குவோம். இம்முடிவின் வெற்றி யாழ்ப்பாணத்தார் கையில் மட்டும் இருக்கவில்லை. தென்னிலங்கையும் உடன் விலகினாலன்றி, அரசாங்கம் அசையப் போவதில்லை. தெற்கிலிருந்து பாராட்டுச் சொற்கள் வந்தன, பகிஷ்காரம் வரவில்லை. ஜூன் மாதத்தில் தேர்தல் நடந்தது. சபை கூடியது. நான்கு ஆசனங்கள் வெறுமையாய் இருந்தன; நாடு நடந்துகொண்டேயிருந்தது. இந்தியாவிலே ஒரு பெரும் மக்கட் கூட்டம் விலகி நின்றதற்கும், ஒரு குடாநாடு மட்டும் விலகி நின்றதற்கும் உள்ள வேற்றுமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது.

இன்னொரு விளைவு இதனினும் வருத்தம் தருவது. பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கும் உரிமை பெற்ற தேர்தல் அது. மாத்தறையிலே ஒரு கூலித் தொழிலாளி வாக்களித்தான். சமஆசனத்துக்காக வாலிபர் காங்கிரஸ் போராடிய அதே மக்களோ, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாக்களிக்க வாய்ப்பின்றி இருந்தனர். அவர்களை இழிவுபடுத்த எவரும் இம்முடிவை எடுக்கவில்லை. ஆனால் முடிவின் விலையைச் செலுத்தியவர்களுள் அவர்களும் இருந்தனர். தீர்மானம் எடுத்த மேடையிலே அவர்களிடம் எவரேனும் கேட்டனரா என்று வினவத் தோன்றுகிறது.

சில காலத்துள் யாழ்ப்பாணத்தாரே தேர்தலை நடத்துமாறு வேண்டத் தொடங்கினர். 1934ஆம் ஆண்டிலேதான் அந்நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலமும் யாழ்ப்பாணத்திலிருந்து அருணாசலம் மகாதேவாவும் சபைக்குச் சென்றனர். ஒரே நாடு என்ற பேச்சின் இடத்தை, இனத்துக்கு எத்தனை ஆசனம் என்ற பேச்சு பிடித்துக்கொண்டது. வாலிபர் காங்கிரஸ் மெல்லத் தேய்ந்தது.

இங்கே ஒரு நீதியையும் நாம் செய்தல் வேண்டும். பின்வந்த துன்பம் அனைத்தையும் இப்பகிஷ்காரத்தின் தலையிலே சுமத்துவோர் உளர். அது சரியான கணக்கன்று. சபை உறுப்பினர் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரியும், அவரே மந்திரி. 1931ஆம் ஆண்டு மந்திரிகளுள் யாழ்ப்பாணத்தார் இல்லை என்பது மெய். ஆயினும் மலையகத் தமிழர் சார்பில் பெரி சுந்தரம் இருந்தார். 1936ஆம் ஆண்டில், யாழ்ப்பாண உறுப்பினர் சபையிலே அமர்ந்திருந்தபொழுதே, சிங்கள உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் பெரும்பான்மை பெறுமாறு தம்மைப் பங்கிட்டுக்கொண்டு, ஏழு மந்திரிகளும் சிங்களவரே ஆகும்படி செய்தனர். ஆகவே சபைக்குச் சென்றிருந்தால் எல்லாம் நலமாய் முடிந்திருக்கும் என்பதும் ஒரு கற்பனையே. ஆனால் அம்மந்திரிசபை அமைந்த முறை மூன்றாண்டு முன்னரே விளங்கியிருந்தால், அதற்கு ஏற்ற வழிகளைத் தேட யாழ்ப்பாண உறுப்பினருக்குக் காலமேனும் இருந்திருக்கும். இழந்தது ஆசனத்தை மட்டுமன்று. பழக்கத்தையும் நட்பையும் ஆகும் என்பது எம் கருத்து.

ஹண்டி மாஸ்ரர் கசப்புடன் ஒதுங்கிவிடவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தாமே வேட்பாளராக நின்றார். ஒருகாலத்தில் வாக்களிக்க வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொன்னவர், இப்பொழுது வாக்குக் கேட்டுச் சென்றார். தோல்வியே கிடைத்தது. அதனை மானக்கேடாகக் கருதாமல் மீண்டும் கல்விப் பணிக்கே திரும்பினார். 1949ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்த ஒருவரை இந்துக் கல்லூரியொன்று தன் தலைமைக்கு ஏற்றுக்கொண்டது, அவர்மீது ஊர் வைத்திருந்த மதிப்பைக் காட்டும். தாய்மொழியிலே கல்வி வேண்டும் என்று பல்லாண்டு வாதாடியவர் அவர். ஆங்கிலத்தில் மிகுந்த புலமை வாய்ந்தவர் அவ்வாறு வாதாடியதால் அவ்வாதத்துக்கு ஒரு கனம் இருந்தது.

1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. அதனைக் கொண்டுவந்த பண்டாரநாயக்கா, 1926ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சமஷ்டி முறையே இலங்கைக்கு ஏற்றது எனப் பேசியவர். அப்பொழுது ஒரே நாடு, ஒரே மக்கள் என்று நின்றவர்கள் யாழ்ப்பாண வாலிபர்கள். முப்பது ஆண்டுகளில் இரு பக்கத்தாரும் இடம் மாறி நின்றதைத் தம் கண்ணாலேயே கண்டவர் ஹண்டி மாஸ்ரர்.

1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே அவர் காலமானார். 1980ஆம் ஆண்டில் அவர் நினைவாக வெளிவந்த நூல், அவருடைய எண்ணங்களோடு வாலிபர் காங்கிரசின் வரலாற்றையும் சேர்த்தே கூறுகிறது. அவரிடம் கல்வி கற்றோர் அவரைத் தலைவர் என்று அழைத்ததில்லை. இறுதி வரை மாஸ்ரர் என்றே அழைத்தனர்.