அங்குலத்தைப் பத்து லட்சமாகப் பிரித்தவர்

1860-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி. லண்டனை அடுத்த விம்பிள்டன் மைதானத்தில் பெருங்கூட்டம். துப்பாக்கி சுடும் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைக்க வந்திருந்தார்.

இரும்புத் தாங்கி ஒன்றின் மீது ஒரு துப்பாக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. அதன் விசையில் ஒரு பட்டுக் கயிறு. மகாராணி அந்தக் கயிற்றை மெல்ல இழுத்தார். குண்டு பாய்ந்தது. 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் நடுப்புள்ளியில் இருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் போய்ப் பதிந்தது!

400 கெஜம் என்றால் ஏறக்குறைய இரண்டு பர்லாங் தூரம். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் படைவீரர் அல்ல, வேட்டைக்காரரும் அல்ல. பட்டறைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பெயர், ஜோசப் விட்வொர்த்.

பட்டறைப் பையன்

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி விட்வொர்த் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். மகனை, பஞ்சாலை நடத்திய மாமாவிடம் வேலை பழக அனுப்பி வைத்தார்கள். ஆலையின் கணக்கையும் வியாபாரத்தையும் பையன் கற்றுக்கொள்வான் என்பது பெரியவர்களின் எண்ணம். பையனின் கண்ணோ எந்திரங்களின் மீதே இருந்தது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டுவிட்டு, மான்செஸ்டர் நகரில் மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து லண்டன். அந்தக் காலத்தில் பெயர் பெற்ற ஹென்றி மாட்ஸ்லே பட்டறையில் வேலை கிடைத்தது. பிறகு ஜோசப் கிளெமென்ட் பட்டறைக்கு மாறினார். கணக்குப் போடும் எந்திரம் ஒன்றைச் செய்ய சார்லஸ் பாபேஜ் என்ற அறிஞர் முயன்றார் அல்லவா? அதன் பாகங்கள் உருவானது அந்தப் பட்டறையில்தான். விட்வொர்த்தும் அதில் வேலை செய்தார்.

1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பி, சொந்தமாகப் பட்டறை போட்டார். லண்டனில் இருந்து வந்த கருவி செய்பவர் என்று வாசலில் பலகை மாட்டினார்.

மூன்று தகடுகள்

சமமான இரும்புத் தகடு ஒன்று செய்ய வேண்டும். அது சமமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு தகட்டின் மீது வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று லேசாகக் குழிந்தும், மற்றொன்று லேசாகப் புடைத்தும் இருந்தால்? அப்போதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்! ஏமாந்து போவோம்.

இதற்கு மூன்றாவது தகடு ஒன்று வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். மூன்றும் எப்படி வைத்தாலும் பொருந்துகின்றன என்றால் மூன்றும் சமம். தகட்டில் செங்காவி பூசித் தேய்த்தால், மேடான இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். அதை உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். விட்வொர்த் இப்படிப் பொறுமையாகச் செய்தார். 1840-ல் கிளாஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் இதை விளக்கினார்.

நம் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அரை நூல், கால் நூல் என்றும் சொல்வார்கள். அன்றைய ஆங்கிலேயத் தொழிலாளிகளும் ஏறக்குறைய இப்படித்தான் அளந்தார்கள். விட்வொர்த் செய்த அளவை எந்திரமோ அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்தது! 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது.

நட்டும் போல்ட்டும்

அந்தக் காலத்தில் ஒரு பட்டறையின் போல்ட்டு, அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. எந்திரம் பழுதானால் அதைச் செய்தவரிடமே போக வேண்டும்.

விட்வொர்த் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் அளந்து, நடுவான ஓர் அளவு வகுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. எத்தனை கனமுள்ள போல்ட்டுக்கு அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதற்கு ஒரு பட்டியல். 1841-ல் வெளியான இந்த முறையை நாடெங்கும் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த எந்திரங்களோடு இந்த மரையும் வந்தது. நம் லேத் பட்டறைகளில் அவர் பெயர் தெரிந்த காரணம் இதுதான்.

அரசாங்கம் கேட்டது

1854-ல் பிரிட்டன் கிரைமியா யுத்தத்தில் இறங்கியது. என்பீல்டு துப்பாக்கிகளை மளமளவென்று செய்து குவிக்க வேண்டும். அதற்கான எந்திரங்களைச் செய்து தரும்படி அரசாங்கம் விட்வொர்த்தைக் கேட்டது.

பெரிய ஆர்டர். வேறு யாராக இருந்தாலும் உடனே ஒப்புக்கொண்டிருப்பார்கள். விட்வொர்த் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல துப்பாக்கிக் குழல் எப்படி இருக்க வேண்டும் என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அது தெரியாமல் எந்த எந்திரத்தைச் செய்வது என்று கேட்டார். முதலில் சோதனை, பிறகு எந்திரம் என்றார்.

சோதனைச் செலவை அரசாங்கம் ஏற்றது. தம் உழைப்புக்கு அவர் கூலி வாங்கவில்லை. மான்செஸ்டரில் அவருடைய வீட்டை ஒட்டி 500 கெஜ நீளத்துக்கு ஒரு கொட்டகை எழுந்தது. காற்று குண்டைத் தள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தக் காற்றே புயலாக வந்து கொட்டகையைச் சாய்த்துவிட்டது! மறுபடி கட்டி, 1855-ல் சோதனையைத் தொடங்கினார். வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகள். குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்த்தால், அது போன பாதை தெரிந்துவிடும்.

என்பீல்டு குழலின் துளை 0.577 அங்குலம். உள்ளே வெட்டியிருந்த சுழல் பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றியது. விட்வொர்த் துளையை 0.45 அங்குலமாகக் குறைத்தார். சுற்றை 20 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கினார். பம்பரம் வேகமாகச் சுற்றினால் சாயாது அல்லவா? குண்டும் அப்படித்தான். குழலின் உட்புறத்தை ஆறு பட்டையாக்கி, அதற்குப் பொருந்தும்படி குண்டையும் ஆறு பட்டையாகச் செய்தார். குழலுக்கும் குண்டுக்கும் இடையே வீண் இடைவெளி இல்லை.

தோட்டா விஷயத்தில் இந்தப் பொருத்தம்தான் உயிர். இன்று பல நாடுகளில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சிறிய அழுத்து எந்திரத்தில் வைத்து, பழைய அளவுக்கு அமுக்குகிறார்கள். புதுக் கேப்பும் மருந்தும் போட்டு, புதுக் குண்டைச் செருகுகிறார்கள். எந்த எந்திரத்தை வாங்குவது என்று அவர்களுக்குள் ஓயாத வாதம். வேகமாக வேலை செய்வதையும், பளபளப்பையும் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது, தண்டு மேலே ஏறும்போது அச்சுக்கு நேராக ஏறுகிறதா என்பதைத்தான். அங்கே கோணினால் குண்டும் கோணலாக உட்காரும்; இலக்குத் தப்பும். அந்த எந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அச்சைத் திருகும் மரை ஒரே அளவு: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஒருவர் செய்த அச்சு மற்றவர் எந்திரத்திலும் ஏறும். மரையின் கோணம் அமெரிக்கருடையது. யோசனை விட்வொர்த் காட்டிய வழி.

வெற்றியும் ஏமாற்றமும்

1857-ல் இரண்டு துப்பாக்கிகளையும் ராணுவத்தார் சுட்டுப் பார்த்தார்கள். 500 கெஜத்தில் என்பீல்டு குண்டுகள் சராசரி 27 அங்குலம் விலகின. விட்வொர்த் குண்டுகள் நாலரை அங்குலம்கூட விலகவில்லை. 1,100 கெஜத்தில் என்பீல்டு எட்டு அடி விலகியது; விட்வொர்த் ஏறக்குறைய இரண்டரை அடிதான். 1,400 கெஜத்தில் என்பீல்டு இலக்கைத் தொடவே இல்லை.

இருந்தும் ராணுவம் அதை ஏற்கவில்லை! விலை என்பீல்டைப் போல் பல மடங்கு. குறுகிய குழலில் கரி சீக்கிரம் படிந்தது. துளை சிறியது என்றும் குறை சொன்னார்கள். விலையும் கரியும் நியாயமான குறைகள்தான். யுத்தத்தில் வாங்க வேண்டியது ஒன்றல்ல, லட்சக்கணக்கான துப்பாக்கிகள். துளையைப் பற்றிச் சொன்னது மட்டும் நிலைக்கவில்லை. 1871-ல் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளை அதே 0.45 அங்குலம்.

இதற்கிடையே அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்திப் படையின் குறிகாரர்களிடம் சில விட்வொர்த் துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தன. 1864 மே 9-ந் தேதி, வடக்குப் படையின் தளபதி ஜான் செட்ஜ்விக், குண்டுக்குப் பயந்து குனிந்த தம் வீரர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார். இவ்வளவு தூரத்தில் இருந்து யாரால் சுட முடியும் என்பது அவர் எண்ணம். சற்று நேரத்தில் முகத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அது விட்வொர்த் துப்பாக்கியின் குண்டு என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள்.

சேர்த்த பணம்

பீரங்கியும் உருக்கும் செய்து விட்வொர்த் பெரும் செல்வர் ஆனார். 1868-ல் எந்திரத் தொழில் படிக்கும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உபகாரச் சம்பளங்கள் ஏற்படுத்தினார். கையால் வேலை செய்யத் தெரிந்தவருக்கும் அதில் இடம் உண்டு. மறு ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

1887 ஜனவரி 22-ந் தேதி, மான்டிகார்லோவில் காலமானார். வயது 83. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்தின் பெரும் பகுதி பொதுக் காரியங்களுக்குப் போயிற்று. மான்செஸ்டரில் அவர் பெயரால் கலைக்கூடமும் பூங்காவும் அமைந்தன. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்கும் அந்தப் பணம் உதவியது.