மஸடாகா டாகெட்ஸுரு

அந்நிய நாட்டுச் சரக்கை விலை கொடுத்து வாங்குவது எளிது. அதைப் போன்ற தோற்றமுள்ள வேறொன்றைச் செய்து அதன் பெயரால் விற்பது அதனினும் எளிது. அச்சரக்கு எதனால் சிறந்ததாயிற்று என்பதை அது பிறந்த இடத்துக்கே சென்று கற்று, தன் நாட்டு மண்ணிலும் நீரிலும் அதே யோக்கியதையுடன் செய்து காட்டுவதே அரிது. ஜப்பானில் விஸ்கித் தொழிலை நிலைநாட்டிய மஸடாகா டாகெட்ஸுரு இந்த அரிய வழியில் சென்றவர். மதுவைத் தீண்டாத நேயர்களும் அவருடைய சரித்திரத்தை அறிதல் தகும் என்று கருதுகிறோம்.

1894ஆம் ஆண்டில், ஹிரோஷிமாவைச் சேர்ந்த டாகெஹாரா என்னும் ஊரில், ஸாகே என்னும் அரிசி மது செய்யும் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒஸாகாவில் கல்வி முடித்து, 1916ல் ஸெட்ஸு என்னும் மதுக் கம்பெனியில் அமர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்று செய்து விற்றதெல்லாம் பெரும்பாலும் வெறும் சாராயத்தில் நிறமும் வாசனையும் கூட்டிய பண்டமே. உண்மையான முறையைக் கற்று வரும்படி கம்பெனியார் 1918ல் அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினர்.

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அவர் ரஸாயன சாஸ்திரப் பாடங்களைக் கேட்டார். ஆயினும் அது ஏட்டினால் மட்டும் கைவரும் வித்தையன்று. 1919ல் லாங்மார்ன், போனெஸ் ஆகிய வடிசாலைகளிலும், 1920ல் காம்பல்டவுனிலுள்ள ஹேஸல்பர்ன் வடிசாலையிலும் தொழிலாளரோடு தொழிலாளராய் நின்று பழகினார். வாற்கோதுமையை முளைகட்டுவது முதல் பீப்பாயில் அடைப்பது வரையில் கண்டவற்றையெல்லாம் குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டார். 1920 ஜனவரியில் ரீட்டா கௌவன் என்னும் ஸ்காட்லாந்து மாதை, இரு குடும்பத்தாரின் விருப்பத்துக்கும் மாறாக விவாகம் செய்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் தம்பதிகள் ஜப்பான் வந்து சேர்ந்தனர்.

வந்தவரை வரவேற்றது ஏமாற்றமே. யுத்தத்துக்குப் பிந்திய வியாபார மந்தத்தால் கம்பெனி விஸ்கி யோசனையைக் கைவிட்டது. அவர் வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டுச் சில காலம் பள்ளி ஆசிரியராயிருந்தார். 1923ல் ஷின்ஜிரோ டோரி என்னும் வியாபாரி அவரைத் தமது கோடோபுகியா கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். கியோடோவுக்கு அருகே யாமஸாகியில் டாகெட்ஸுரு அமைத்த வடிசாலை 1924ல் வேலை தொடங்கிற்று. 1929ல் வெளிவந்த முதல் விஸ்கியைப் புகைநெடி மிகுதியென்று ஜனங்கள் ஒதுக்கினர். ஜப்பானியர் நாவுக்கு இசைய வேண்டுமென்றார் முதலாளி. சரக்கின் இயல்பு கெடலாகாதென்றார் தொழில் வல்லுநர். இருவர் பக்கத்திலும் நியாயமுண்டு. 1934ல் டாகெட்ஸுரு விலகினார்.

வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள யோயிச்சி என்னும் ஊரை அவர் தேர்ந்தார். குளிர்ந்த காற்று, நல்ல நீர், அருகில் நிலக்கரி ஆகியவை அங்கே ஸ்காட்லாந்தை நினைவூட்டின. ஆனால் விஸ்கி முதிர ஆண்டுகள் பல செல்லும். அதுவரை கூலி கொடுப்பது எப்படி? அவ்வூர் ஆப்பிள் பழத்தின் சாற்றை விற்றுக் காலங்கடத்தினார். பழச்சாற்றுக் கம்பெனி என்னும் பெயரின் சுருக்கமே நிக்கா. அப்பெயருடன் முதல் விஸ்கி 1940ல் வெளிவந்தது. அடுத்து வந்த யுத்தத்தில் கடற்படையின் தேவை தொழிலைக் காத்தது. பிறப்பினால் அந்நியரான ரீட்டா அம்மையாரோ போலீஸாரின் சந்தேகப் பார்வையில் நாட்களைக் கழித்தார்.

யுத்தத்துக்குப் பின்னரே அவருக்குப் பெரிய சோதனை வந்தது. உண்மை விஸ்கி நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாத மட்டரகச் சரக்கை விஸ்கி என்று விற்கச் சட்டமே இடங்கொடுத்தது. மற்றவர்கள் அதில் பொருளீட்டினர். டாகெட்ஸுரு சில ஆண்டுகள் மறுத்து நின்றார். கடன் நெருக்கவே, 1950ல் இணங்க நேர்ந்தது. அப்போதும் சட்டம் அனுமதித்த மிக உயர்ந்த அளவுக்கு உண்மை விஸ்கியைச் சேர்த்தே விற்றார். இதைத் தோல்வி என்பார் உளர். தொழிலாளரின் பிழைப்பையும் தமது மானத்தையும் ஒருங்கே காத்த செயலென்பதே நமது அபிப்பிராயம்.

1961ல் ரீட்டா அம்மையார் காலமானார். துக்கத்திலும் அவர் தொழிலை விடவில்லை. மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்து மெல்லிய விஸ்கி வடிப்பதற்காக 1963ல் ஸ்காட்லாந்திலிருந்து கோஃபி வாலையைத் தருவித்தார். 1969ல் ஸெண்டாய் நகருக்கு அருகே மியாகிக்யோவில் இரண்டாம் வடிசாலையை அமைத்தார். யோயிச்சியின் முரட்டுச் சுவைக்கு மியாகிக்யோவின் மென்மையும், இரண்டுக்கும் தானிய விஸ்கியின் இனிமையும் துணையாயின. 1979ல் தமது 85ஆம் வயதில் அவர் மறைந்தார்.

 1985ல் நிக்கா கம்பெனியார் 'பீப்பாயிலிருந்து' என்று பொருள்படும் 'ஃப்ரம் தி பாரல்' என்னும் கலவை விஸ்கியைச் சிறிய சதுரப் புட்டியில் வெளியிட்டனர். பல விஸ்கிகளைக் கலந்தவுடன் அடைத்துவிடாமல், மீண்டும் பீப்பாயிலிட்டுச் சில மாதங்கள் ஒன்றோடொன்று இணங்கவிடுகின்றனர். சாதாரண விஸ்கியில் நூற்றுக்கு 40 அல்லது 43 பங்கு சாராயம் நிற்கும்படி நீர் கூட்டுவது வழக்கம். இதிலோ 51.4 பங்கு நிற்கிறது. பீப்பாயில் உள்ள வீரியத்துக்கு வெகு அருகில் என்னலாம். முதலில் நாவைச் சுடும். சில துளி நீர் விட்டுப் பொறுத்திருந்தால், பழமணமும் வாசனைச் சரக்கின் காரமும் கருகிய மரத்தின் இனிப்பும் ஒவ்வொன்றாய் வெளிப்படும். கலவையென்றால் மட்டமென்னும் எண்ணத்தை இது ஒன்றே பொய்யாக்கப் போதும். நீர் குறைந்த இடத்தில் குறையை மறைத்தல் இயலாது. கலப்பவர் கை சுத்தமாயிருக்க வேண்டும்.

யோயிச்சியில் இன்றும் நிலக்கரியை எரித்தே வாலைகளைச் சூடேற்றுகின்றனர். லாங்மார்னில் இளைஞராயிருந்தபோது அவர் கற்ற முறை அது. பிறர் அதைக் கைவிட்ட பின்னரும் மாணவரின் வீட்டில் அது வாழ்கிறது. பிறரிடம் கற்பதால் ஒரு நாட்டுக்குச் சிறுமையில்லை. கற்றதைக் கலப்படம் செய்து விற்பதே சிறுமை. இதை வாயினால் சொல்லாமல் வாழ்நாளினால் விளக்கிய டாகெட்ஸுருவைத் தொழில் செய்வோர் அனைவரும் நினைவிற்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.