தீக்கு வேலி போட்ட டேவி

டீசல் எஞ்சின் நம் கிராமங்களுக்குப் புதியதல்ல. ராஜபாளையத்தை அடுத்த தேவதானம் போன்ற மலையடிவார ஊர்களில் இதை அறியாத விவசாயி இல்லை. மின்சார மோட்டார் பரவுவதற்கு முன், கிணற்று மேட்டில் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். எஞ்சின் சூடாகும், புகை கக்கும். சில வேளை புகைக்குழாயில் தீப்பொறியும் பறக்கும். வயல்வெளியில் அதனால் பெரிய ஆபத்து இல்லை.

அதே எஞ்சினைப் பூமிக்கு அடியில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஓட்டினால் என்ன ஆகும்?

நிலக்கரிக்குள் மீத்தேன் என்ற வாயு அடைபட்டுக் கிடக்கிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் இதே வாயுதான். கரியை வெட்ட வெட்ட அது கசிந்து வெளியே வரும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. 100 பங்கு காற்றில் 5 பங்கு முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலந்துவிட்டால் போதும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும்!

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்த வெளியில் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே வாயு தேங்கி நிற்க இடம் இல்லை. நிலத்தடிச் சுரங்கம் அப்படி அல்ல. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள தோரி சுரங்கத்தில் 1965-ம் ஆண்டு மே 28-ந் தேதி வெடிவிபத்து நடந்தது. 268 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

டீசல் எஞ்சினின் வயிற்றுக்குள்ளோ ஓடும் நேரமெல்லாம் தீ! ஆனாலும் பல நாடுகளில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் டீசல் வண்டிகள் ஓடுகின்றன. ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. தளவாடங்களை இழுத்துப் போகின்றன. அந்தத் தீ வெளியே பாயாமல் இருப்பது எப்படி?

அந்த இரகசியத்தைக் கண்டவர் ஒருவர். அவர் டீசல் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. அதைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் பிறந்தது 1858-ல். இவர் இறந்ததோ 1829-ல்! அவர்தான் ஸர் ஹம்ப்ரி டேவி.

தகப்பனை இழந்த பிள்ளை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பென்சான்ஸ் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே 1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி டேவி பிறந்தார். தகப்பனார் மரத்தில் சிற்பம் செதுக்குபவர். ஐந்து குழந்தைகளில் டேவிதான் மூத்தவர்.

1794-ல் தகப்பனார் இறந்துவிட்டார். குடும்பத்தில் கடன் சுமை. தாயார் துணிக்கடை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு டேவி, ஊரில் இருந்த ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்து கலக்கும் வேலை. அங்கேதான் அவருக்கு ரசாயனத்தில் மோகம் பிறந்தது. கையில் கிடைத்த குப்பிகளையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு சோதனைகள் செய்தார்.

பத்தொன்பதாவது வயதில் பிரிஸ்டல் நகரத்துக்குப் போனார். வாயுக்களை நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று ஆராயும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. டேவி சிரிப்பு வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். அது வலியை மறக்கச் செய்வதைக் கண்டார். அறுவை சிகிச்சைக்கு உதவலாம் என்று 1800-ல் எழுதினார். மருத்துவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அதை ஏற்றது.

லண்டனில் புகழ்

1801-ல் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிக்கு வேலை கிடைத்தது. அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. சீமான்களும் சீமாட்டிகளும் கோச்சு வண்டிகளில் வந்து குவிந்தார்கள்.

மின்சாரத்தைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் வேலையில் டேவி இறங்கினார். 1807-ல் பொட்டாசியம், சோடியம் என்ற இரண்டு உலோகங்களைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு கால்சியம், மக்னீசியம் முதலியவற்றையும் பிரித்தார். 1812-ல் அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் வழங்கியது.

1813-ல் ஓர் ஏழை இளைஞர் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகியவர். அவர்தான் பின்னாளில் மின்சார விஞ்ஞானத்தில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே!

சுரங்கத்தில் அழுகுரல்

வட இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள் ஏராளம். 1812-ம் ஆண்டு மே 25-ந் தேதி, அந்தப் பகுதியில் உள்ள பெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள்.

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் வெளிச்சத்துக்கு என்ன வழி? மெழுகுவத்திதான். வாயு தேங்கியிருந்தால் மெழுகுவத்தியே எமன். சிலர் எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் சுழற்றி, அந்தப் பொறியில் வேலை செய்தார்கள். அதுவும் வெடித்தது. அழுகிய மீன் தோலில் தெரியும் மங்கலான ஒளியில் கூடச் சிலர் வேலை செய்தார்களாம்!

பாதிரியார்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து விபத்துத் தடுப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். டேவியிடம் உதவி கேட்டார்கள். 1815-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டேவி நியூகாசில் வந்தார். சுரங்க நிபுணர் ஜான் பட்டிலைச் சந்தித்து விவரம் கேட்டார். சுரங்க வாயுவைப் பாட்டில்களில் அடைத்து லண்டனுக்கு அனுப்பச் சொன்னார்.

இடுக்கில் அகப்பட்ட தீ

லண்டனில் இரவும் பகலும் சோதனை. பாரடேயும் உடன் இருந்து உதவினார்.

டேவி என்ன கண்டார் தெரியுமா? இந்த வாயு எளிதில் தீப்பற்றாது. செக்கச் சிவந்த கரித்துண்டு கூட அதைக் கொளுத்துவதில்லை. சுடர் பட்டால் வெடிக்கிறது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. மெல்லிய உலோகக் குழாய்க்குள் தீயை அனுப்பினால், அது பாதி வழியிலேயே அணைந்துவிடுகிறது. மறுமுனைக்குப் போய்ச் சேருவதில்லை!

காரணம் எளிது. சூடான காப்பி டம்ளரில் இருந்தால் சூடு நெடுநேரம் நிற்கும். அகன்ற டவராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். பரப்பு கூடினால் சூடு விரைவில் போய்விடும். தீயும் அப்படித்தான். குறுகிய இடுக்கில் நுழையும் தீயை இரண்டு பக்கமும் உலோகம் தொடுகிறது. அதன் சூட்டை உலோகம் உறிஞ்சிவிடுகிறது. வெளியே வரும்போது வாயுவைக் கொளுத்தும் சக்தி அதற்கு இருப்பதில்லை.

குழாய்க்குப் பதிலாகக் கம்பி வலை போதும் என்று டேவி கண்டார். ஒரு சதுர அங்குலத்தில் 784 கண்கள் உள்ள வலை. விளக்கின் சுடரைச் சுற்றி அந்த வலையை மூடினார். வாயு வலைக்குள் நுழைந்து எரியும்; தீ வெளியே வராது. வாயு இருந்தால் சுடரின் மேல் நீல நிறம் தெரியும். ஆகவே விளக்கே எச்சரிக்கையும் செய்தது!

1816-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹெபர்ன் சுரங்கத்தில் அந்த விளக்கைச் சோதித்தார்கள். வாயு நிறைந்த இடத்தில் கொண்டு போனார்கள். வெடிக்கவில்லை.

இந்த விளக்குக்கு டேவி காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பவுன் கிடைத்திருக்கும் என்று பட்டில் எடுத்துச் சொன்னார். உயிரைக் காக்கும் பொருளுக்கு விலை வைக்க டேவி இசையவில்லை.

ஆனால் புகழில் அவருக்கு ஆசை உண்டு. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே 1815-ல் ஒரு விளக்குச் செய்திருந்தார். பின்னாளில் ரயில் எஞ்சினால் புகழ் பெற்றவர் அவர். படிப்பில்லாத ஒரு தொழிலாளி தானாக இதைக் கண்டிருக்க முடியாது என்று டேவி நினைத்தார், கோபித்தார். அது அவருடைய குறை. இருவரும் தனித்தனியாகவே கண்டார்கள் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

விளக்கு வந்தும் சாவு ஏன்?

விளக்கு வந்தது. சாவு குறைந்ததா? இல்லை!

1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தது. நியூகாசில் வட்டாரத்தில், விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் 447 பேர் வெடிவிபத்தில் மாண்டிருந்தார்கள். விளக்கு வந்த பின் 18 ஆண்டுகளில் 538 பேர்!

ஏன்? விளக்கு இருக்கிறதே என்ற தைரியத்தில், ஆபத்தான பழைய சுரங்கங்களையும் திறந்தார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். வெளிச்சம் போதாமல் சிலர் வலையைக் கழற்றினார்கள். சில வலைகள் துருப்பிடித்தன; சிலவற்றில் கடப்பாரை பட்டு ஓட்டை விழுந்தது. பலத்த காற்று வீசினால் சுடர் வலையைத் தாண்டியது.

784 கண்களில் ஒரு கண் கிழிந்தாலும் தீ அந்த வழியே வெளியேறும். இந்தப் பாடத்தைச் சுரங்கத்தார் உயிர்களைக் கொடுத்துப் படித்தார்கள். பிறகு விளக்கு அறை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு விளக்கையும் துடைத்து, வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூட்டுப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

எஞ்சினுக்கும் அதே வேலி

இருபதாம் நூற்றாண்டில் சுரங்கத்துக்குள் மின்சார மோட்டாரும் டீசல் எஞ்சினும் இறங்கின. பொறியாளர்கள் டேவியின் இடுக்கையே நம்பினார்கள்.

எஞ்சின் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஹெட், காற்றுக் குழாய், புகைக்குழாய் எல்லாம் தனித்தனித் துண்டுகள். அவற்றைப் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடம்தான் ஜாயின்ட். உள்ளே வெடிப்பு நேர்ந்தால் தீ அந்த ஜாயின்ட் வழியாகத்தான் வெளியே வரப் பார்க்கும். ஆகவே முகங்களை அகலமாக, மட்டமாகக் கடைந்து பொருத்துகிறார்கள். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜாயின்டில் இடைவெளி சுமார் 1.1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மீத்தேன் தீ தாண்டுவதில்லை. ஆனால் பாதுகாப்புக்காக அதில் பாதியும் இல்லாமல், அரை மில்லிமீட்டருக்குள் வைக்கிறார்கள்.

காற்று நுழையும் வாயிலும், புகை போகும் வழியிலும் நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகள் உண்டு. அவை டேவியின் வலை செய்த வேலையைச் செய்கின்றன. புகையைத் தண்ணீருக்குள் செலுத்திக் குளிர வைக்கிறார்கள். கரித்தூள் படியும் இடங்களில் எஞ்சினின் மேற்பரப்பு 150 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பது விதி.

இந்த வேலியைக் காப்பவர் மெக்கானிக். அவர் தகட்டு அளவியை ஜாயின்டின் சுற்றிலும் விட்டுப் பார்க்கிறார். அளவுக்கு மேற்பட்ட கனமுள்ள தகடு உள்ளே நுழைந்தால், அந்த வண்டி சுரங்கத்துக்குள் போகக் கூடாது. ஒரு போல்ட் குறைந்தாலும் அதே தீர்ப்புதான். துருவோ கீறலோ குழியோ இருக்கிறதா என்று முகங்களைப் பார்க்கிறார். முகத்தில் அரம் போடக் கூடாது. உளி வைத்து நெம்பவும் கூடாது. கேஸ்கட் கிழிந்திருந்தால், அதற்கென்றே உள்ள கேஸ்கட்டைத்தான் போட வேண்டும். தகடுகளில் படிந்த புகைக்கரியைத் துடைத்து, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார்.

முடிவு

டேவி 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1826-ல் பாரிச வாயு அவரைத் தாக்கியது. உடல் தேறவில்லை. 1829-ம் ஆண்டு மே 29-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் காலமானார். வயது ஐம்பதுதான். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

விளக்குக்கு நன்றியாகச் சுரங்க முதலாளிகள் அவருக்கு வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளித்திருந்தார்கள். பின்னாளில் அவற்றை உருக்கி விற்ற பணத்தில் டேவி பதக்கம் ஏற்பட்டது. 1877 முதல் சிறந்த ரசாயன விஞ்ஞானிகளுக்கு அதை வழங்குகிறார்கள்.

பதக்கம் விஞ்ஞானிகளுக்கு. டேவியின் வேலியோ சுரங்கத் தொழிலாளிக்கு. அதைக் காக்க இரண்டு நூறு ஆண்டு ஆகியும் வேறு குறுக்கு வழி வரவில்லை. வண்டி கிளம்பும் முன் ஒருவர் குனிந்து, ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்தாக வேண்டும். அன்று அவர் பார்த்தால், உள்ளே போனவர்கள் மாலையில் வீடு திரும்புவார்கள்.