புனலூர்ப் பாலமும் திவான் சேஷையா சாஸ்திரியாரும்

கொல்லத்திலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையில், புனலூரில், கல்லடையாற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலிகள் தாங்கும் தொங்கு பாலம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவையும், பொறியியலாளர் ஆல்பர்ட் ஹென்றி துரையையும் நினைவு கூர்வர். பணி நடைபெற்ற ஆண்டுகளில் சமஸ்தானத்தின் திவானாயிருந்த தமிழரை நினைப்பவர் மிகச் சிலரே.

அமராவதி சேஷையா சாஸ்திரியார் 1828-ஆம் ஆண்டு தஞ்சைத் தரணியில் ஓர் எளிய குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே சென்னை சென்று, பவல் துரையிடம் கல்வி பயின்றார். திவான் மாதவராயரும் அதே ஆண்டிற் பிறந்து, அதே ஆசிரியரிடம் பயின்றவர். ஓராசிரியரின் மாணாக்கர் இருவர் அடுத்தடுத்துத் திருவனந்தபுரத்தில் திவானாக வீற்றிருந்தது வியப்பன்றோ!

சென்னை அரசாங்கத்தில் சிரஸ்தேதார் முதலிய பதவிகளை வகித்த சாஸ்திரியார், மாதவராயர் விலகியபின் 1872-இல் இங்கே திவானானார். புனலூரில் வேலை தொடங்கியதும் அவ்வாண்டிலேதான்.

மலைநாட்டுச் சரக்கும் பாண்டி நாட்டுச் சரக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியே சென்று வந்த காலம் அது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வழி அடைபடும். ஆகவே, வெள்ளம் மோதும் தூண்களை ஆற்றில் வரிசையாக எழுப்பாமல், இரு கற்கோபுரங்களின் மேல் சங்கிலிகளை ஏற்றி, அவற்றின் முனைகளைக் கரையில் கிணறுபோல் ஆழ்ந்த குழிகளிற் பிணைத்தனர். அச்சங்கிலிகளிலிருந்து தொங்கும் கம்பிகளே மரப்பலகைத் தளத்தைத் தாங்குகின்றன. நீளம் சுமார் 400 அடி. காட்டு விலங்குகள் அஞ்சித் திரும்புதற்பொருட்டே பாலத்தை ஆடும்படி அமைத்தனர் என்பர் உள்ளூரார். வண்டி மாடுகள் அஞ்சாமற் போயினவோ, அதை எவரும் சொல்வதில்லை!

சாஸ்திரியார் காலத்திலேயே 1875-இல் திருவிதாங்கூரின் முதற் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. மக்கள்தொகை 23 லட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டிலேதான் கவிஞர் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான் மகாராஜாவின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டார். அந்த அரண்மனையில் திவான் பதவி மலர்ப்படுக்கையாய் இருந்திராது.

பாலம் கட்டி முடிந்த 1877-ஆம் ஆண்டிலேயே அவர் பதவியினின்று விலகினார். 1880-இல் மக்கள் போக்குவரத்துக்கு அது திறக்கப்பட்டபோது திருவிதாங்கூரில் அவர் இல்லை, புதுக்கோட்டைத் திவானாகிவிட்டார். பஞ்சத்தால் நலிந்திருந்த அச்சிறு சமஸ்தானத்தில் ஏரி குளங்களைச் செப்பனிட்டு, அகன்ற நேர் வீதிகளுடன் நகரைத் திருத்தினார். 1886 முதல் 1894 வரை, இளவரசர் சிறுவராயிருந்தமையின், ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவர் தோளிலேயே இருந்தது. புதுக்கோட்டை மக்கள் அவரை மறக்கவில்லை.

1903-இல் கும்பகோணத்தில் அவர் காலமானார். மறு ஆண்டே புகைவண்டியும் புனலூரைக் கடந்து செங்கோட்டை சென்றது. ஆயினும் அடுத்துப் புதிய பாலம் எழும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, வண்டிகளும் மோட்டார்களும் அச்சங்கிலிகளை நம்பியே ஆற்றைக் கடந்தன. 1990-இல் கேரளத் தொல்லியல் துறை பாலத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஏற்றது.