ஒன்பது தமிழ்ச் சிறுமிகளும் ஓர் ஆசிரியையும்

ஈப்போவில் இருக்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியை நீங்கள் அறிவீர்கள், மாணவர்களே. அதே பெயரில் சிங்கப்பூரில் அதற்கு மூத்த பள்ளி ஒன்று உண்டு. அதன் முதல் மாணவியர் ஒன்பது பேரும் நம் சிறுமிகள். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அப்போது அதற்குப் பெயர்!

அதைத் தொடங்கியவர் சோபியா பிளாக்மோர். 1857-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1887 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இறங்கினார்; ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் பாடம் நடந்துகொண்டிருந்தது. இந்த வேகத்துக்கு அவர் மட்டும் காரணமில்லை. தங்கள் மகள்களும் படிக்க வேண்டும் என்று தமிழ் வணிகர்கள் முன்வந்தார்கள். அவர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை. (பேராக் தோட்டப்புறப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு வரப் பல்லாண்டுகள் ஆயின.)

சீனர்களிடம் காரியம் எளிதாக இல்லை. பாபா நோன்யா குடும்பங்களில் வயதுக்கு வந்த பெண்கள் திருமணம் வரை வாசல் தாண்டுவதில்லை. மதம் மாற்றிவிடுவாரோ என்ற பயம் வேறு. அவர் சமய ஊழியர்தான் என்பதால் அந்தப் பயத்தைக் குறைசொல்லவும் முடியாது. சோபியா மலாய் கற்றார், வீடு வீடாக ஏறி இறங்கித் தாய்மார்களிடம் பேசினார். பெண்கள் வெளியே வர முடியாவிட்டால் என்ன? 1888-இல் ஒரு நோன்யா வீட்டுக்குள்ளேயே வகுப்பு தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஃபேர்ஃபீல்ட் பள்ளியாக வளர்ந்தது.

1928-இல் ஓய்வு பெற்ற சோபியா, 1945-இல் காலமானார். ஷார்ட் ஸ்திரீட்டில் பிறந்த அந்தப் பள்ளி இன்று இருக்கும் சாலைக்குப் பெயர், பிளாக்மோர் டிரைவ்.