கோடுகளில் கணக்குச் சொன்ன வில்லியம் பிளேஃபேர்



தங்கம் விலை ஏறியதா, கிரிக்கெட்டில் எந்த ஓவரில் எத்தனை ரன், நேற்று எத்தனை அடி நடந்தோம் என்பதையெல்லாம் இன்று கைபேசியில் கோடாகவும் பட்டையாகவும் பார்த்துவிடுகிறோம். இந்தப் படங்களை நமக்குத் தந்தவர் வில்லியம் பிளேஃபேர்.

இவர் 1759-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகே ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 12 வயதில் தந்தை இறந்துவிட்டார். மூத்த அண்ணன் ஜான்தான் பொறுப்பேற்றுக்கொண்டார். பின்னாளில் எடின்பரோவில் கணிதப் பேராசிரியரான இந்த அண்ணன், தினசரி வெப்பநிலையைக் குறித்துவைத்து அதைக் கோடாக வரையும்படி தம்பியைப் பழக்கினார். எண்ணில் சொல்ல முடிந்ததைக் கோட்டிலும் காட்டலாம் என்று தனக்குக் கற்றுத்தந்தவர் அண்ணன்தான் என வில்லியம் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

1777-இல் பர்மிங்காமில், நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராகவும் உதவியாளராகவும் சேர்ந்தார். பிறகு சொந்தத் தொழில் தேடி லண்டனுக்குப் போனார்.

1786-இல் இங்கிலாந்தின் வணிகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 44 படங்கள். ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் லாபமா நஷ்டமா என்று சொல்லும். பக்கம் பக்கமாகப் பேரேடு புரட்டிய என் போன்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்!

ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் அவருக்குக் கிடைத்தது. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாது. இல்லாத எண்களை இட்டு நிரப்பாமல், 17 இடங்களுடன் நடந்த வணிகத்தைப் பட்டைகளாகப் போட்டார். இந்தப் படம் மற்றவற்றைவிடக் குறைவானது என்றே அவர் நினைத்தார். இன்று உலகமே பயன்படுத்துவது அந்தப் பட்டைப் படத்தைத்தான். 1801-இல் வட்டத்தைத் துண்டு போட்டுப் பங்கு காட்டும் படத்தையும் அறிமுகப்படுத்தினார். நாம் 'பை சார்ட்' என்று சொல்வது அதைத்தான்.

ஆனால் சொந்தக் கணக்கு அவருக்குக் கைகூடவில்லை. பாரிஸில் அமெரிக்க நிலங்களை விற்கும் திட்டத்தில் இறங்கினார், அது முறிந்தது. லண்டனில் தொடங்கிய வங்கியும் மூழ்கியது. கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1823-இல் வறுமையில் காலமானார். அவருடைய படங்களை இங்கிலாந்தில் அப்போது பெரிதாக யாரும் மதிக்கவில்லை.

நாட்டின் வரவு செலவை ஒரே பார்வையில் காட்டியவர், தன் வரவு செலவில் தவறிவிட்டார். நான் வேலை பார்த்த கிளையிலும் டெபாசிட் வரைபடம் சுவரில் தொங்கும். அதைப் பார்த்து நடவடிக்கை எடுத்தால்தான் பலன். படம் காட்டும், கவனிக்க வேண்டியது நாம்.

நம் சங்கத்தின் தண்ணீர் லாரிச் செலவையும் பராமரிப்புச் செலவையும் மாதவாரியாக ஒரு படமாக அறிவிப்புப் பலகையில் போடலாம் என்பது என் யோசனை. ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். 90-இலிருந்து தொடங்கினால், 100 ரூபாய் 110 ஆனதுகூட இரண்டு மடங்கு ஆனதுபோலத் தெரியும். பொதுக்குழுவில் வீண் சண்டைக்கு அது ஒன்றே போதும்!